உதிர மறுக்கும் உயிரணுக்கள்

ஐப்பசி மாதத்து மழை நன்றாகப் பெய்து, புதுக்கோட்டைச் சீமையிலுள்ள ஊருணிகளும் கண்மாய்களும் நிறைந்துவிட்டால், சில நாட்களுக்கெல்லாம் கரையோரத் தண்ணீர் கறுத்துத் தோன்றும். உற்றுப் பார்த்தால், ஆயிரக்கணக்கான தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டிக்கொண்டு மொய்ப்பதே அவ்விதம் தோன்றுகிறது என்பது தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுவர்கள் அவற்றைக் கொட்டாங்கச்சியில் பிடித்து வந்து, திண்ணையில் வைத்து வேடிக்கை பார்ப்பார்கள். சில வாரங்களில் கால் முளைக்கும், கை முளைக்கும், பிறகு ஒரு நாள் பார்த்தால் வாலைக் காணோம். வால் எங்கே போயிற்று?

இந்தக் கேள்வியை நாம் வகுப்பில் பல வருஷங்களாகக் கேட்டு வருகிறோம். "அறுந்து விழுந்துவிட்டது, ஸார்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் விடை. பல்லியின் வால் அறுந்து துடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அப்படிச் சொல்வது இயற்கையே. ஆனால் ஊருணித் தண்ணீரை வடிகட்டிப் பார்த்தாலும் அறுந்த வால் ஒன்றுகூட அகப்படாது. வால் விழவில்லை, தவளையின் சரீரமே அதைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைத்து உள்ளே வாங்கிக்கொண்டுவிட்டது. அந்தச் சில நாட்களில் தவளைக் குஞ்சு இரை எடுப்பதில்லை. வாலே அதற்கு ஆகாரம். பழைய வீட்டைப் பிரிக்கும் கொத்தனார், செங்கலுக்குச் சேதம் வராமல் ஒன்றொன்றாக எடுத்து அடுக்கி, அவற்றைக் கொண்டே வேறு சுவர் எழுப்புவதுண்டல்லவா? அதைப் போன்ற காரியம் இது.

தாவரமாயினும், பிராணியாயினும், மனிதனாயினும், சரீரம் என்பது கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களால் கட்டப்பட்டது. பள்ளிக்கூடப் புத்தகங்கள் இவற்றைச் செல் என்று சொல்லும். தலைப்பிரட்டையின் வாலிலுள்ள உயிரணுக்கள் நோயுற்று இறக்கவில்லை, அடிபட்டும் இறக்கவில்லை. தைராய்டு சுரப்பியிலிருந்து ஓர் உத்தரவு இரத்தத்தில் வருகிறது; அந்த உத்தரவைப் பெற்றதும் வால் அணுக்கள் தாமாகவே, ஒழுங்காக, முறைப்படி மடிகின்றன. அதே உத்தரவு காலுக்கும் போகிறது. ஆனால் கால் அணுக்கள் அதைக் கேட்டு வளர்கின்றன! உத்தரவு ஒன்று, பொருள் இரண்டு.

மனிதருக்கு வால் இல்லையே என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். தாயின் கருப்பையில் ஆறு ஏழு வாரம் வளர்ந்த சிசுவின் கை, தோணியின் துடுப்பைப் போல் தட்டையாக இருக்கிறது. விரல்களுக்கு நடுவிலுள்ள அணுக்கள் முறைப்படி மடிந்த பிறகே ஐந்து விரல்களும் தனித்தனியாகப் பிரிகின்றன. வாத்தின் காலில் அந்த அணுக்கள் பெரும்பாலும் மடியாமல் நின்றுவிடுகின்றன. ஆகையால்தான் அதற்கு நீந்துவதற்கேற்ற சவ்வு அமைந்திருக்கிறது. நாம் எழுதுகோல் பிடிக்கும் இந்த விரல்கள், பல அணுக்கள் ஒதுங்கி இடம் விட்டதனால் கிடைத்தவை. மார்புக் கூட்டுக்குள் தைமஸ் என்றொரு சுரப்பி உண்டு. வியாதிக் கிருமிகளை எதிர்க்க வேண்டிய ஒரு வகை வெள்ளணுக்கள் அங்கேதான் பயிற்சி பெறுகின்றன. அந்தப் பயிற்சியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை தேறுவதில்லை, தேறாதவை மடிகின்றன. சொந்தச் சரீரத்தையே பகையாக எண்ணித் தாக்கக்கூடிய அணு வெளியே வந்துவிடக் கூடாது என்பது இவ்வளவு கண்டிப்புக்கு ஒரு காரணம். நாம் எந்தப் பரீட்சையிலும் இவ்வளவு பேரைத் தவறவிட்டதில்லை.

இவ்வாறு நம் ஒவ்வொருவர் சரீரத்திலும் நாளொன்றுக்குப் பல்லாயிரங் கோடி உயிரணுக்கள் மடிகின்றன. ஏறக்குறைய அத்தனை புதிதாகப் பிறக்கின்றன. ஆகவே நாம் நேற்று இருந்தபடியே இன்றும் இருப்பதாகத் தோன்றுகிறது.

1972-ம் வருஷத்தில் கெர், வைலி, கர்ரி என்ற மூன்று வைத்திய விஞ்ஞானிகள் இந்த ஒழுங்கான மரணத்தை விவரித்து, அதற்குப் பெயர் தேடினார்கள். ஸ்காட்லாந்தில் அபர்தீன் சர்வகலாசாலையில் கிரேக்க மொழி போதித்த பேராசிரியர் கார்மாக் என்பவர் ஒரு பதம் எடுத்துக் கொடுத்தார்: அபோப்டோஸிஸ். மரத்திலிருந்து இலை உதிர்வதையும் மலரிலிருந்து இதழ் உதிர்வதையும் குறிக்கும் பழைய சொல் அது. சில நூல்கள் இதனை உயிரணுவின் தற்கொலை என்று எழுதுகின்றன. நமக்கு அந்தப் பதம் உவப்பாக இல்லை. மனத்துயரம் தாங்காமல் ஒருவர் செய்துகொள்ளும் காரியத்துக்கும், காலம் வந்ததும் பழுத்த இலை காம்பை விடுவதற்கும் என்ன சம்பந்தம்? உதிர்தல் என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது வேறு எதற்கு?

உதிர வேண்டிய அணு உதிராமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதே நாம் இங்கே சொல்ல வந்த விஷயம். அதற்கு முன் இந்த ஊரில் பிறந்த ஓர் அம்மையாரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும்.

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலம். 1886-ம் வருஷம் ஜூலை மாதம் 30-ந் தேதி இங்கே பிறந்தவர் முத்துலட்சுமி. தகப்பனார் நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் தலைவர், தாயார் சந்திரம்மாள். ஆண் பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த அக்கல்லூரியில் ஒரு பெண் சேரலாகாது என்று ஊரில் எதிர்ப்பு எழுந்தபோது, அதைப் பொருட்படுத்தாமல் இடங் கொடுத்தவர் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். அங்கிருந்து சென்னை வைத்தியக் கல்லூரிக்குச் சென்று, 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார் முத்துலட்சுமி. சென்னைச் சட்டசபையில் அவர் ஆற்றிய பணியும், அவர் நிறுவிய ஔவை இல்லமும் நம் நேயர்கள் அறிந்தவையே. அவற்றை விரித்தால் இக்கட்டுரை இடங் கொள்ளாது.

1923-ல் அவருடைய தங்கை புற்றுநோயால் காலமானார். கூடப் பிறந்தவள் கண்ணெதிரே நலிந்து போவதை ஒரு டாக்டராக இருந்தும் தடுக்க இயலவில்லை. இரண்டு வருஷங்களுக்குப் பின் மேற்படிப்புக்காக அவர் இங்கிலாந்து சென்றபோது, புற்றுநோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி லண்டனில் நடப்பதைக் கண்டார். அவ்விதம் ஒன்று சென்னையிலும் வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. புற்றுநோய் கண்டவர் எப்படியும் இறப்பவரே, அவருக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று படித்தவர்களே கேட்ட காலம் அது. இந்திய மாதர் சங்கத்தாரின் துணையோடு பணம் திரட்டி, ஏறக்குறைய முப்பது வருஷம் காத்திருந்து, 1952 அக்டோபர் மாதம் 10-ந் தேதி ஜவஹர்லால் நேருவைக் கொண்டு அடையாற்றில் அஸ்திவாரக் கல் நாட்டுவித்தார். 1954 ஜூன் மாதம் 18-ந் தேதி பன்னிரண்டு படுக்கைகளோடு வைத்தியம் ஆரம்பமாயிற்று. அவருடைய புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அந்த நிலையத்தை வளர்த்தார்கள். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1968-ல் காலமானார். சாந்தா அம்மையார் 2021 ஜனவரி வரையில் அந்நிலையத்துக்கே தம் வாழ்நாளை அர்ப்பணித்திருந்தார்.

அம்மையாருடைய தங்கைக்கு வந்த வியாதி உண்மையில் என்ன, உயிரணுவுக்குள் எது பழுதாயிற்று என்ற கேள்விக்கு, அம்மையார் மறையும் வரையிலும் உலகத்தில் எவரிடமும் சரியான விடை இல்லை. விடை வந்த வழி விசித்திரமானது. அது பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. மண்ணில் நெளியும் ஒரு சின்னஞ்சிறு புழுவிடமிருந்து வந்தது.

அந்தப் புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர்தான். அதன் உடல் கண்ணாடிபோல் தெளிவானது. பூதக்கண்ணாடி யந்திரத்தின் அடியில் வைத்தால் உள்ளேயிருக்கும் அணு ஒவ்வொன்றும் தெரியும். முட்டையிலிருந்து முதிர்ச்சிக்கு வர மூன்று நாளே போதும். ஸிட்னி பிரென்னர் என்ற விஞ்ஞானி இதனைத் தேர்ந்தெடுத்து இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி தொடங்கினார். அவரிடம் வேலை பார்த்த ஜான் ஸல்ஸ்டன், முட்டையிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அணுவும் பிரிந்து பெருகுவதை நாள்தோறும் மணிக்கணக்காக உட்கார்ந்து, கண்ணால் பார்த்துப் படம் வரைந்தார். அந்தப் பொறுமையை என்னவென்று சொல்வது! வரைந்து முடித்தபோது ஒரு கணக்கு வெளிப்பட்டது. அப்புழுவின் உடலில் உண்டாகும் அணுக்கள் 1,090. முதிர்ந்த புழுவில் மிஞ்சுபவை 959. இடையில் 131 அணுக்கள் மடிகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131, அதே இடம், அதே நேரம்.

இப்படித் தவறாமல் நடப்பதற்கு ஒரு விதி எழுதப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் ராபர்ட் ஹார்விட்ஸும் அவருடைய மாணவர்களும் அவ்விதியைத் தேடினார்கள். 131 அணுக்களில் ஒன்றுகூட மடியாத புழுக்கள் சில அவர்களுக்குக் கிடைத்தன. அவற்றில் ஒரே ஒரு மரபணு கெட்டிருந்தது. அதற்கு ஸெட்-3 என்று பெயரிட்டார்கள். 1993-ல் ஹார்விட்ஸும், சீன தேசத்திலிருந்து வந்து படித்த யுவான் ஜுன்யிங் என்ற பெண்மணியும் மற்றவர்களுமாக அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தின் அமைப்பைக் கண்டு வெளியிட்டபோது ஆச்சரியம் காத்திருந்தது. அதே ஜாடையுள்ள ஓர் என்ஸைம் மனிதரிடமும் இருப்பது அதற்கு முந்திய வருஷமே தெரிந்திருந்தது! புழுவும் மனிதனும் எத்தனையோ கோடி வருஷங்களுக்கு முன் பிரிந்த பங்காளிகள்; ஆயினும் இந்த ஓர் ஆயுதத்தை இருவரும் கைவிடவில்லை. பிரென்னர், ஸல்ஸ்டன், ஹார்விட்ஸ் மூவருக்கும் 2002-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மனிதரிடம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த என்ஸைம்கள் சுமார் ஒரு டஜன் இருக்கின்றன. 1996-ல் இவற்றுக்குக் காஸ்பேஸ் என்ற பொதுப் பெயர் சூட்டப்பட்டது. இவை புரதங்களை வெட்டும் கத்திகள். ஸிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கத்தியின் கூர். அஸ்பார்டிக் அமிலம் எங்கே இருக்கிறதோ அதற்கு அடுத்தாற்போல்தான் வெட்டு விழும். கண்ட இடத்தில் வெட்டாது. பெயரும் இவ்விரண்டு அமிலங்களைக் கூட்டிச் செய்ததே. மனிதரிடம் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட காஸ்பேஸ்-1, அணுவை உதிர்க்கும் வேலையைக் காட்டிலும் ஜுரத்தையும் வீக்கத்தையும் கிளப்பிவிடும் வேலையிலேயே அதிகமாக ஈடுபடுவது என்பது ஒரு வேடிக்கை. குடும்பத்தில் மூத்தவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கத்திகள் ஆபத்து வந்த பிறகு செய்யப்படுபவை அல்ல. நம் சரீரத்தில் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவும், பிறந்தது முதல், தன்னை மாய்க்கும் கத்தியை உறையிலிட்டுத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. உறையிலிருக்கும் மட்டும் அதனால் ஒரு தீங்கும் இல்லை. காஸ்பேஸ்களில் சில ஓலை கொண்டு வருபவை. சில காரியத்தை முடிப்பவை. வெளியிலிருந்து உத்தரவு வந்தால் காஸ்பேஸ்-8 என்பது விழித்துக்கொள்ளும். உள்ளேயே கேடு நேர்ந்தால் காஸ்பேஸ்-9 விழிக்கும். இரண்டும் போய் எழுப்புவது காஸ்பேஸ்-3 என்ற முக்கியமான ஆளை.

உள்ளே நடப்பது சுவாரசியமானது; சற்று நின்று பார்க்கலாம். ஒவ்வோர் அணுவிலும் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணிய அடுப்புகள் உண்டு. ஆகாரத்தை எரித்துச் சக்தி எடுப்பது அங்கேதான். அந்த அடுப்பங்கரையில் ஓயாது வேலை செய்யும் புரதம் ஒன்றுக்கு ஸைட்டோக்ரோம்-ஸி என்று பெயர். அணுவுக்குள் திருத்த முடியாத பழுது நேர்ந்துவிட்டால், அடுப்பின் வெளிச்சுவரில் துவாரம் விழுந்து, இந்தப் புரதம் வெளியே வந்துவிடுகிறது. ஒரு வீட்டுச் சமையற்காரர் சட்டுவத்தும் கையுமாகத் தெருவில் வந்து நின்றால், உள்ளே ஏதோ அனர்த்தம் என்று ஊரார் தெரிந்துகொள்வார்கள் அல்லவா? அதேபோலத்தான். வெளியே வந்த ஸைட்டோக்ரோமைப் பிடித்துக்கொண்டு ஏழு புரதங்கள் ஒன்றுகூடி, ஏழு ஆரமுள்ள சக்கரம்போல் அமைகின்றன. அச்சக்கரத்தின் நடுவில் காஸ்பேஸ்-9 உறை நீங்கி எழுகிறது. அது பல காஸ்பேஸ்-3-களின் உறையை வெட்டுகிறது. மடை திறந்துவிட்டது, இனிப் பெரும்பாலும் திரும்ப வழியில்லை.

காஸ்பேஸ்-3 நூற்றுக்கணக்கான புரதங்களை வெட்டுகிறது. அணுவைத் தாங்கி நிற்கும் தூண்கள் சரிகின்றன. அணுவின் மையத்தில், பரம்பரை விதிகள் எழுதப்பட்ட டி.என்.ஏ. என்ற நீண்ட நூல் இருக்கிறது. அந்த நூலை அறுக்கக்கூடிய வேறோர் என்ஸைமை ஒரு காவற் புரதம் கையைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கிறது. காஸ்பேஸ்-3 அந்தக் காவலை வெட்டிவிட, நூல் துண்டு துண்டாகிறது. அணு சுருங்கிக் கொப்புளம் கொப்புளமாகப் பிரிகிறது. ஆயினும் ஒரு துளிகூட வெளியே சிந்துவதில்லை. ஒவ்வொரு துண்டும் சவ்வினால் நன்றாகப் பொதியப்பட்டே பிரிகிறது. சாதாரணமாகச் சவ்வின் உட்புறம் மறைந்திருக்கும் ஒரு கொழுப்புப் பொருள் வெளிப்புறம் தலைகாட்டுகிறது. "எங்களை அப்புறப்படுத்தலாம்" என்று அடையாளம் வைத்தாற்போல. அதைக் கண்டதும் துப்புரவு செய்யும் அணுக்கள் வந்து விழுங்கிவிடுகின்றன. பக்கத்து அணுவுக்குக்கூடத் தெரியாமல் காரியம் முடிகிறது.

தீப்புண்ணிலோ அடிபட்ட இடத்திலோ நடப்பது வேறு. அங்கே அணு ஊதி, வெடித்து, உள்ளிருந்ததையெல்லாம் கொட்டிவிடுகிறது; ஆகவேதான் சிவப்பும் வீக்கமும் வலியும். உதிர்தலில் இவை இல்லை.

இந்தக் கத்தி நமக்கு எவ்வளவு அவசியம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். காஸ்பேஸ்-9 இல்லாதபடி செய்யப்பட்ட எலிகளில், மூளையிலே மடிய வேண்டிய அணுக்கள் மடியாமல் மூளை அளவு மீறிப் பெருத்து, குஞ்சுகளில் பெரும்பாலானவை பிறப்பதற்குச் சற்று முன்போ பின்போ இறந்துவிடுகின்றன. கத்தி அகாலத்தில் உருவப்பட்டாலும் தொல்லையே. மூளைக்கு இரத்தம் தடைப்பட்டுப் பாரிசவாயு ஏற்படும்போது அப்படியும் சில அணுக்கள் வீணாக மடிகின்றன.

இப்போது புற்றுநோய்க்கு வருவோம். நம் பக்கத்துக் குடியானவர்களுக்குக் கண்மாயின் கணக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் கரையை மீறுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: ஒன்று, வரத்து அதிகமாயிருக்கலாம், அல்லது கலிங்கு அடைபட்டிருக்கலாம். வெகு காலம் வரையில் வைத்திய நிபுணர்கள் வரத்தையே கவனித்து வந்தார்கள். அணுக்கள் அளவு மீறிப் பெருகுவதே புற்றுநோய் என்றார்கள். 1988-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து விஞ்ஞானிகளான வாக்ஸ், கோரி, ஆடம்ஸ் என்பவர்கள் கலிங்கின் பக்கம் வந்து பார்த்தார்கள். நிணநீர்ப் புற்றுநோய் ஒன்றில் மிதமிஞ்சிக் காணப்பட்ட பி.ஸி.எல்-2 என்ற புரதத்தை ஆராய்ந்ததில், அது அணுக்களைப் பெருகச் செய்யவே இல்லை. மடிய வேண்டியவற்றை மடியாமல் வைத்திருந்தது. அடுப்பின் சுவரில் துவாரம் விழாமல் காப்பது அதன் வேலை. கத்தி உறையிலேயே இருக்கிறது, உருவத்தான் ஆளில்லை.

வேறு வகைப் புற்றுநோய்களில் வேறு இடத்தில் பழுது. பி-53 என்றொரு புரதம், கிராமக் கணக்குப்பிள்ளையைப் போல, டி.என்.ஏ.வில் எங்கே சேதம் என்று பார்த்துக் குறித்துக்கொண்டே இருக்கும். சேதம் சிறிதானால் பழுது பார்க்க அவகாசம் கொடுக்கும். பெரிதானால் உதிரும்படி உத்தரவிடும். கடும் வெயிலில் உழன்றவரின் தோல் உரிவதற்கு இந்த உத்தரவும் ஒரு காரணம். சூரிய கிரணத்தால் கெட்ட அணுக்கள் புற்றாக மாறுமுன் கழிக்கப்படுகின்றன. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்தக் கணக்குப்பிள்ளையின் மரபணு கெட்டுப்போயிருக்கிறது.

ஸ்திரீகளுக்கு வரும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் நடப்பது இன்னும் சூழ்ச்சியானது. தமிழ்நாட்டில் பல தலைமுறைப் பெண்களைக் கொண்டு போன வியாதி இது. இதற்குக் காரணம் பாப்பிலோமா என்ற வைரஸ் என்று நிரூபித்ததற்காக, ஹரால்ட் ஸூர் ஹாஸன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 2008-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். வைரஸ் புகுந்த அணு சாதாரணமாகத் தன்னையே உதிர்த்துக்கொண்டு ஊரைக் காப்பாற்றிவிடும். குடியிருக்கும் வீடே இடிந்தால் வைரஸ் பிழைப்பது எப்படி? ஆகவே அந்த வைரஸின் ஈ-6 என்ற புரதம் கணக்குப்பிள்ளையையே, அதாவது பி-53-ஐயே, பிடித்து அழித்துவிடுகிறது. பிறகு அணுவில் எவ்வளவு சேதம் நேர்ந்தாலும் உத்தரவிட ஆளில்லை. இந்த வைரஸ் தாம்பத்திய உறவின் மூலம் பரவுவது, மிகவும் சாதாரணமானது. பெரும்பாலோருக்கு வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் ஓரிரண்டு வருஷத்தில் தானே நீங்கிவிடும். நீங்காமல் சிலரிடம் தங்கிவிடும்போதுதான் ஆபத்து. இது தெரிந்த பிறகும், வியாதி கண்ட ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றி வீட்டுக்குள் முணுமுணுப்பது அறிவீனம், கொடுமையுங்கூட.

தங்கிவிட்ட வைரஸ் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருஷங்களுக்கு மேல் ஆகிறது. அந்த அவகாசம் நமக்குக் கிடைத்த பெரும் பாக்கியம். அதை உபயோகிக்க என்ன செலவாகும் என்பதை நம் திண்டுக்கல் ஜில்லாக் கிராமங்கள் உலகத்துக்கே காட்டியிருக்கின்றன. 2000-ம் வருஷத்தில், அம்பிளிக்கை கிறிஸ்தவ ஆஸ்பத்திரியாரும், அடையாறு புற்றுநோய் நிலையத்தாரும், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனத்தாரும் சேர்ந்து அங்கே ஒரு சோதனை தொடங்கினார்கள். முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரையுள்ள ஸ்திரீகளைப் பயிற்சி பெற்ற நர்ஸுகள் பரிசோதித்தார்கள். கருவி பெரிதாக ஒன்றுமில்லை: நீர்த்த அசெட்டிக் அமிலம், அதாவது ஊறுகாய்க்கு உபயோகிக்கும் வினிகரில் இருக்கும் அதே பொருள். அதைத் தடவினால் கெட்டுவரும் இடம் ஒரு நிமிஷத்தில் வெளுத்துக் காட்டும். வெளுத்த இடத்தை உறையவைத்து அழித்துவிட்டால் புற்று வருவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஒரு தடவைதான் பரிசோதனை. ஏழு வருஷத்துக்குப் பின் கணக்குப் பார்த்தபோது, பரிசோதனை நடந்த கிராமங்களில் இந்த வியாதி நூற்றுக்கு இருபத்தைந்து பங்கும், அதனால் நேர்ந்த மரணம் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கும் குறைந்திருந்தன. 2007-ல் இந்த முடிவு வெளியாயிற்று. அதற்குப் பின் தமிழ்நாட்டு அரசாங்கமும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயது கடந்தவர்களுக்கு இப்பரிசோதனையை ஏற்பாடு செய்தது. வைரஸ் புகுமுன்னரே தடுக்கும் ஊசி வேறு இருக்கிறது. இந்தியாவிலேயே தயாரான ஊசிக்கு 2022-ல் அநுமதி கிடைத்தது. நம் வகுப்புப் பெண்களின் வயதே அதற்கு ஏற்ற வயது.

ஆனால் பரிசோதனைக்கு அழைத்தால் வருபவர் எத்தனை பேர்? "எனக்கு ஒன்றும் இல்லையே" என்பார்கள். ஒன்றும் இல்லாதபோதே வரவேண்டிய பரிசோதனை இது என்பதைப் படித்த குடும்பங்களிலேயே சொல்லிப் புரியவைப்பது எளிதாக இல்லை. இந்த வியாதியின் பெயரை இன்றும் நம் வீடுகளில் உரக்கச் சொல்லுவதில்லை. சம்பந்தம் பேசும் இடத்தில் தெரிந்துவிடுமோ என்று மூடி வைக்கிறார்கள். ஓர் அணுவுக்குள் கணக்குப்பிள்ளை காணாமற் போனதற்கு அந்தக் குடும்பத்தின் கௌரவம் எப்படிப் பொறுப்பாகும்?

வைத்தியத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1957-ல் அடையாற்றில் கோபால்ட்-60 கதிர்வீச்சு யந்திரம் வந்தபோது, அந்தக் கதிர் புற்றணுவை எப்படிக் கொல்லுகிறது என்ற விவரம் முழுவதும் தெரியாது. கதிர் அணுவைச் சுட்டுப் பொசுக்குவதாகவே பலரும் எண்ணினார்கள். காஸ்பேஸ் தெரிந்த பிறகு விஷயம் விளங்கிற்று: கதிரும் புற்றுநோய் மருந்துகளும் பெரும்பாலும் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகின்றன, சேதத்தைக் கண்ட அணு, தன்னிடமுள்ள கத்தியைத் தானே உருவுகிறது. எல்லாப் புற்றிலும் இதுவே வழி என்று சொல்வது சரியன்று. பிரிய முயன்று பிரிய முடியாமல் அழியும் அணுக்களும் பல. ஆனால் சில இரத்தப் புற்றுகளிலும் நிணநீர்ப் புற்றுகளிலும் உதிர்தலே பிரதானம். கலிங்கை அடைத்து நிற்கும் பி.ஸி.எல்-2-ஐ நேராகவே பிடித்து விலக்கும் வெனிடோக்ளாக்ஸ் என்ற மருந்து 2016-ல் அமெரிக்காவில் அநுமதி பெற்றது. ஒரு வகை இரத்தப் புற்றுக்கு அதை மாத்திரையாகவே விழுங்கலாம். நுரையீரலிலும் குடலிலும் வரும் கெட்டியான கட்டிகளில் அது அவ்வளவு பலன் தரவில்லை.

பழைய மருந்துகளுக்கோ புற்றணு எது, நல்லணு எது என்ற பேதம் நன்றாகத் தெரியாது. வேகமாகப் பெருகும் அணுக்களையெல்லாம் தாக்கும். நம் சரீரத்தில் இயற்கையாகவே வேகமாகப் பெருகுபவற்றுள் மயிர்க்கால் அணுக்களும், வாயின் உட்புறமும் குடலின் உட்புறமும் உள்ள அணுக்களும் சேரும். அவற்றின் கணக்குப்பிள்ளை நன்றாக விழித்திருக்கிறபடியால், சேதம் கண்டதும் அவை ஒழுங்காக உதிர்கின்றன, மயிர் கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, ஆகாரம் பிடிப்பதில்லை. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், இரண்டாம் தவணை மருந்துக்குப் பின் அந்த அம்மாளின் கூந்தல் கைக்குக் கையாக வந்துவிட்டதைப் பார்த்து எல்லோரும் கலங்கிப்போனார்கள். "மருந்து உடம்பையே தின்கிறது, நிறுத்திவிடுவோம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். நிறுத்தியும்விட்டார்கள். நல்ல அணுக்கள் உதிர்வது கண்ணுக்குத் தெரிகிறது; உள்ளே புற்றணுக்கள் உதிர்வதைக் காண வீட்டாருக்கு வழியில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை வைத்தே முடிவு செய்தார்கள். தவணை பாதியில் நின்றால், சாகாமல் தப்பிய புற்றணுக்கள் மீண்டும் பெருகும். உதிர மறுப்பதில் அவற்றுள் கெட்டிக்காரர்களே மிஞ்சியிருப்பார்கள். அடுத்த முறை அதே மருந்துக்கு மசிய மாட்டார்கள்.

மயிர்க்காலின் வேர் அணுக்கள் சில ஆழத்தில் ஒதுங்கி, பெருகாமல், சும்மா இருப்பவை. வேகமாகப் பெருகுபவற்றையே தேடும் மருந்து அவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. ஆகையால் கடைசித் தவணை முடிந்து சில மாதங்களில் தலையில் மயிர் மீண்டும் அரும்பத் தொடங்குகிறது. சிலருக்கு அது முதலில் சுருட்டையாக முளைத்து, வளர வளரப் பழையபடி நீளுவதும் உண்டு.